தண்ணீர் ஏற்றிய மாதங்கள்

தலையில் தீக்காயத் தழும்போடு வளரும் குழந்தைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தோலுக்கடியில் ஒரு பையை வைத்து, அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சலைன் (உப்புநீர்) ஏற்றித் தோலை விரியவைக்கும் டிஷ்யூ எக்ஸ்பாண்டர் சிகிச்சையைப் பற்றி மருத்துவமனையில் எங்களுக்குச் சொன்னது எதுவும் தவறில்லை. ஆனால் இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பற்றி விரிவாகச் சொன்னவர்கள், நடுவில் வரும் காலத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த நடுக்காலம்தான் சிகிச்சையே.

என் மகளுக்கு மூன்று வயதில் கொதிக்கும் எண்ணெய் பட்டு, இடது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தலைத்தோல் வெந்துபோனது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிக் காப்பாற்றினார்கள். புண் ஆறியது, அந்த இடத்தில் முடி மட்டும் வரவே இல்லை. சின்ன வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய், இன்னொரு மொட்டை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அன்பால் சொன்னவைதான். ஆனால் முடியின் வேரே கருகிப்போன இடத்தில் எந்தச் சாறும் முடியை வரவைக்காது. தொடைத்தோலைக் கொண்டுவந்து தலையில் வைத்தாலும் அது தொடைத்தோலாகவேதான் இருக்கும். கூந்தல் வேண்டுமென்றால் கூந்தல் உள்ள தோலே அங்கே வர வேண்டும். அது தலையைத் தவிர உடம்பில் வேறெங்கும் இல்லை.

தழும்பை வெட்டி எடுத்துவிட்டு இரு பக்கத்தையும் இழுத்துத் தைத்துவிடலாமே என்று கேட்டேன். தலைத்தோல் இறுக்கமானது, அவ்வளவு தூரம் வராது என்றார் மருத்துவர். “கர்ப்ப காலத்தில் வயிற்றுத் தோல் எப்படி இடம் கொடுக்கிறதோ, அதே வேலையைத் தலையில் மெதுவாகச் செய்யவைக்கப் போகிறோம் அம்மா” என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. சார்லஸ் நியூமன் என்ற மருத்துவர் 1957-இல் காது சிதைந்த ஒருவருக்குத் தோலுக்கடியில் ரப்பர் பலூனை வைத்து இதைச் செய்து காட்டியிருக்கிறார். இன்றைய சிலிகோன் பைகள் 1970-களில் வந்தவை.

முதல் அறுவை சிகிச்சையில், தழும்பை ஒட்டி முடி நன்றாக இருக்கும் பகுதியில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே வெற்றுப் பையை வைத்தார்கள். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று சற்றுத் தள்ளித் தோலுக்கடியிலேயே புதைத்த சிறு வால்வுக்குப் போகிறது. வெளியே எதுவும் தெரியாது. தலை முழுவதையும் மழிக்கவில்லை. தையல் ஆறும்வரை இரண்டு மூன்று வாரங்கள் காத்திருந்து, பிறகு வாரத்துக்கு ஒருமுறை வால்வில் ஊசி போட்டுச் சலைன் ஏற்றத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் ‘தண்ணீர் ஏற்றும் நாள்’ என்று பெயர்.

ஊசியைப் பற்றிப் பெரிதாகப் பயப்பட வேண்டியதில்லை. மரத்துப்போகும் களிம்பை முன்கூட்டியே தடவிக்கொண்டு போனால் குழந்தை அதிகம் அழுவதில்லை. இத்தனை மில்லி ஏற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. தோல் வெளுக்கிறதா, அழுத்தி எடுத்தால் சிவப்பு திரும்புகிறதா, குழந்தை ‘இறுக்குகிறது’ என்கிறாளா என்று பார்த்துத்தான் நிறுத்துவார்கள். வீடு திரும்பிய மாலை தலை பாரமாக இருக்கும். மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் கொடுத்தோம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தோல் நெகிழ்ந்து இறுக்கம் விட்டுவிடும்.

கடினமானது வேறு. வாரத்துக்கு வாரம் தலை ஒரு பக்கமாக வீங்கிக்கொண்டே போகும். இரண்டு மூன்று மாதம் ஓடும் சிகிச்சை இது. கடைசி வாரங்களில் வீக்கத்தை எந்தத் துணியாலும் மறைக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் எல்லாக் கண்களும் குழந்தையின் தலைமேல்தான் இருக்கும். கட்டியா, புற்றுநோயா என்று அவள் காதுபடவே கேட்பார்கள். தழும்பை மறைத்து வாரிப் பழகியிருந்த பெண், மறைக்கவே முடியாத ஒன்றோடு வெளியே போக வேண்டியிருந்தது. வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. நான் சம்மதிக்கவில்லை. அவளுடைய வகுப்பாசிரியையிடம் முன்பே பேசினேன். அவர் அனுமதியோடு என் மகளே வகுப்பில் எழுந்து நின்று, “உள்ளே ஒரு பை இருக்கிறது, தோல் வளர்வதற்காக. யாரும் தட்டக் கூடாது” என்று சொன்னாள். அதற்குப் பிறகு விளையாட்டு நேரத்தில் தோழிகளே அவளைச் சுற்றிக் காவல் நின்றார்கள். ஒளித்துவைத்திருந்தால் அவளுக்கு அந்தத் துணை கிடைத்திருக்காது.

சிறிய ஏற்பாடுகளும் முக்கியம். தலைவழியாக மாட்டும் உடைகளை ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்தவற்றைப் போட்டோம். வீக்கம் இல்லாத பக்கமாகத்தான் படுக்க முடியும். முதல் சில இரவுகள் நான் விழித்திருந்து அவளைத் திருப்பிப் படுக்கவைத்தேன். உரசாத பழைய பருத்தித் துணியில் தலைக்குட்டை தைத்தோம். தினமும் நல்ல வெளிச்சத்தில் தோலைப் பார்ப்பது என் வேலை. ஒருநாள் தையல் தடத்துக்கு அருகே சிவந்து சூடாக இருந்தது. அன்றே அழைத்துப் போனோம். ஏற்றிய தண்ணீரில் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சிவப்பு அடங்கும்வரை ஏற்றுவதை நிறுத்திவைத்தார்கள். கிருமித் தொற்று, பை தோலைக் கிழித்து வெளியே தெரிவது, கசிவது ஆகியவைதான் இதில் பயப்பட வேண்டியவை. தொற்று முற்றினால் பையையே எடுத்துவிட நேரும். சிவப்பு, காய்ச்சல், கசிவு எது வந்தாலும் அடுத்த முறைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது அறுவை சிகிச்சையில் பையை எடுத்து, தழும்பை வெட்டி நீக்கி, விரிந்த தோலை அந்த இடத்துக்கு நகர்த்தித் தைத்தார்கள். பை இருந்த இடத்தில் மண்டை சற்றுப் பள்ளமாகத் தட்டுப்பட்டது. சில மாதங்களில் தானாகவே நிரவிவிடும் என்றார்கள், அப்படியே ஆனது.

ஒன்றை முன்பே அறிந்துவைத்திருங்கள். நகர்த்திய தோலில் முடி சில வாரங்களில் கொத்தாக உதிரலாம். எங்களுக்கு அது நடந்தபோது எல்லாம் வீணாகிவிட்டது என்று வீடே நிலைகுலைந்தது. அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியில் உதிர்வது அது. வேர் உள்ளே இருப்பதால் மீண்டும் வளரும். வளரவும் செய்தது. விரிவதால் முடியின் எண்ணிக்கை கூடுவதில்லை, இருக்கும் முடிகளுக்கு இடையே இடைவெளிதான் கூடுகிறது. ஆகவே அடர்த்தி சற்றுக் குறையும். வாரிப் பின்னிய பிறகு எனக்கே வித்தியாசம் தெரிவதில்லை.

தைத்த கோடு ஒன்று இருக்கிறது. நெற்றி ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குத் தழும்பும் மிச்சம் இருக்கிறது. மறுபடியும் பை வைத்து அதையும் சரிசெய்யலாம் என்கிறார் மருத்துவர். அவசரம் எதுவும் இல்லாததால், வளர்ந்த பிறகு அவளே முடிவெடுக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.