பிடித்த வழியை விடுவதற்குப் பழகிய கதை

திருகோணமலையில் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்துகொண்டே அரச சேவையின் மேல்நிலைப் பதவி ஒன்றுக்கான போட்டிப் பரீட்சைக்கு ஆயத்தமானபோது, எனக்கோ என்னோடு சேர்ந்து படித்த மூவருக்கோ பாடத்தில் பெரிய குறை இருக்கவில்லை. வீட்டில் ஆறுதலாக இருந்து செய்தால், சிந்திக்கும் திறனைச் சோதிக்கிற உளச்சார்பு வினாத்தாளில் எங்களுக்கு விடை வராத கேள்விகள் மிகக் குறைவு. அதே தாளை மணிக்கூட்டை முன்னால் வைத்துச் செய்தால் புள்ளிகள் சரிந்துவிடும். பதற்றந்தான் காரணம், மனத்தை அமைதிப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னதால் மூச்சுப்பயிற்சியும் தியானமும் பழகினோம். அவற்றைக் குறைசொல்ல மாட்டேன். நித்திரை நன்றாக வந்தது. புள்ளிகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

காரணத்தை வேறிடத்தில் காட்டியவர் உவர்மலையில் வசித்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர். அவர் எங்கள் விடைத்தாள்களைப் பார்க்கவில்லை. கணக்குச் செய்து கிறுக்கிய தாள்களைத்தான் கேட்டு வாங்கினார். இலக்கத் தொடர்களில் அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுக்கும் முறை இரண்டு மூன்று தடவை பலித்துவிட்டால், அதன் பிறகு எந்தத் தொடர் வந்தாலும் நாங்கள் அதையே எடுத்திருந்தோம். 3, 50, 6, 45, 12, 40, 24 என்ற தொடரில் அடுத்த எண்ணைத் தேடி என்னுடைய தாளில் வித்தியாசங்களும், வித்தியாசங்களின் வித்தியாசங்களுமாக அரைப்பக்கம் நிரம்பியிருந்தது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பார்த்தால் அங்கே இரண்டு தொடர்கள் இருக்கின்றன: 3, 6, 12, 24 என்று இரட்டிப்பது ஒன்று, 50, 45, 40 என்று ஐந்தைந்தாகக் குறைவது மற்றொன்று. விடை 35.

அன்றைக்கே அவர் இன்னொரு கணக்கும் தந்தார். ஆபிரகாம் லுச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942 இல் வெளியிட்ட சாடிக் கணக்கு அது. 21, 127, 3 அளவு கொள்ளும் மூன்று சாடிகளைக்கொண்டு 100 அளவு நீரை எடுக்க வேண்டும். பெரிய சாடியை நிரப்பி, அதிலிருந்து 21 ஐ ஒரு தடவையும் 3 ஐ இரு தடவையும் ஊற்றி எடுத்தால் 100 மிஞ்சும். இதே வழியில் தீர்கின்ற கணக்குகள் சிலவற்றை வரிசையாகச் செய்வித்துவிட்டு, 23, 49, 3 அளவுச் சாடிகளைக்கொண்டு 20 எடுக்கச் சொன்னார். நாங்கள் நால்வரும் 49 இலிருந்து 23 ஐயும் இரண்டு மூன்றுகளையும் கழித்து 20 என்று எழுதிக் கொடுத்தோம். முந்திய கணக்குகளைக் காணாத அவருடைய பேத்தி, 23 இலிருந்து 3 ஐக் கழித்தால் போதுமே என்று கதவடியில் நின்றபடியே சொன்னாள்.

நெருக்கடியில் மூளை வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது கடைசியாகப் பலித்த வழியை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த ஒன்றிலேயே மும்முரமாக வேலை செய்கிறது. ஆகவே பழக வேண்டியது பிடித்ததை விடுவதற்கு. அது அமைதியாக இருப்பதைவிடக் கடினமானது என்பதைப் பிறகு கண்டுகொண்டோம்.

கடந்தகால வினாத்தாள்களைக் கேள்வி கேள்வியாக வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்துச் செய்யத் தொடங்கினோம். இலக்கத் தொடருக்குப் பின்னால் உறவுமுறை, அதற்குப் பின்னால் திசை, பிறகு குறியீடு, பிறகு உருவங்கள் என்று எது வருமென்று தெரியாது. புள்ளிகள் முன்பைவிட விழுந்தன. “இருந்ததும் போகுது அக்கா” என்று எங்களில் இளையவள் டின்னைத் தள்ளிவைத்துவிட்டாள். ரோரரும் டெய்லரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வை ஆசிரியர் அப்போதுதான் எடுத்துச் சொன்னார். திண்மங்களின் கனவளவைக் காணும் கணக்குகளை வகைவகையாகப் பிரித்துப் பயின்ற மாணவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதமும், கலந்து பயின்றவர்கள் 60 சதவீதமும் சரியாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முன்னவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்க, கலந்து பயின்றவர்கள் 63 இல் நின்றார்கள். இந்த இலக்கங்களைக் கேட்டிராவிட்டால் நாங்களும் அந்த டின்னை மூடியிருப்போம்.

கலந்து செய்வதோடு அது முடியவில்லை. ஆசிரியர் அடிமட்டத்தால் மேசையில் நினைத்த நேரம் தட்டுவார். தட்டியவுடன், கணக்கு எந்தப் படியில் இருந்தாலும், ஓரத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். விடை கிட்ட வந்துவிட்டது என்று கை பேனையைத் தாளிலிருந்து எடுக்க மறுக்கும். “விடுங்கோ பிள்ளை, அது எங்கையும் ஓடாது” என்பார். திரும்பி வரும்போது முதலில் கைவிட்ட முறையைத் தொடக்கூடாது, வேறொன்றில்தான் தொடங்க வேண்டும் என்பது மற்றைய நிபந்தனை. என் அனுபவத்தில் எல்லாப் பயிற்சிகளிலும் கூடிய பயன் தந்தது இதுதான். 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தில், சார்ஜ் லைட் வெளிச்சத்தில் வியர்க்க வியர்க்க இதைச் செய்ததும், கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழே இருந்து செய்ததும் நாங்கள் திட்டமிட்டவை அல்ல. ஆனால் பின்னாளில் பரீட்சை மண்டபத்தின் எந்தச் சத்தமும் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பதற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். “அமைதியாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, “உற்சாகமாக இருக்கிறேன்” என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப்பேச்சிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள் என்பது அலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014 இல் வெளியிட்ட முடிவு. நெஞ்சு படபடக்கும்போது அதை அடக்கப் பார்ப்பதைவிட, அந்த வேகத்தை வேறு கணக்கில் எழுதுவது இலகு. உற்சாகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்ததால், “வா, பாப்பம்” என்று வினாத்தாளைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டேன்.

எழுத்துப் பரீட்சை பெரிய சம்பவம் எதுவுமின்றி முடிந்தது. ஓரத்துப் புள்ளிகள் நிறைய விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் சுற்றில் தீர்ந்தன.

நேர்முகப் பரீட்சைதான் உண்மையான சோதனை. மகாவலி பெருகி மூதூர்ப் பக்கம் இரவில் வெள்ளம் ஏறினால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். மக்களைப் பாடசாலை ஒன்றுக்கு இடம்பெயர்க்க ஏற்பாடு செய்வேன் என்று தொடங்கினேன். “அந்தப் பாடசாலை நாளைக்குப் பரீட்சை நிலையம்” என்று ஒருவர் இடைமறித்தார். பள்ளிவாசலும் கோயில் மண்டபமும் மேட்டில் இருந்தால் அவற்றின் நிர்வாகத்தோடு பேசுவேன் என்றேன். தொலைபேசிக் கோபுரம் இயங்கவில்லை என்றார் மற்றவர். கிராம உத்தியோகத்தர் ஊடாக ஆளனுப்புவேன் என்றேன். அந்த உத்தியோகத்தரின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்கிறதே என்றார்கள். ஒவ்வொரு தடவையும் முந்திய பதிலை நியாயப்படுத்தத்தான் நாக்கு எழுந்தது. அடிமட்டத்தின் சத்தம் காதில் கேட்டதாக எண்ணிக்கொண்டு, சொன்னதை அப்படியே விட்டுவிட்டுப் புதிதாக இருந்த நிலைமையிலிருந்து தொடங்கினேன். என் பதில்கள் எல்லாம் சிறந்தவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதிலும் தொங்கிக்கொண்டு நிற்கவில்லை. பெறுபேறு வந்தபோது என் பெயர் இருந்தது. எங்கள் நால்வரில் இன்னொருவருக்கும் கிடைத்தது.

இந்தப் பழக்கம் வாழ்க்கை முழுவதற்கும் தானாகப் பரவிவிடும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு என்னால் உறுதி தர முடியாது. ஒரு வகை வேலையில் பெற்ற பயிற்சி வேறு வகை வேலைக்குத் தாண்டிப் போவது குறைவு என்பதே என் அனுபவம். பொதுமக்கள் தினத்தில், காணி அனுமதிப்பத்திரத்தோடு வருகிறவர் நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டால், முதலில் சொன்ன பதிலையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லுகிற வழக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதற்கென்று தனியாக, விண்ணப்பக் கோவைகளை வகைப்படி அடுக்காமல் கலந்து வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். விடய எழுதுநருக்கு அது பிடிக்கவில்லை.