திரைக்கயிறு

சங்கச் செயலாளர் போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். 1971 பரிசளிப்பு விழா, எங்கள் கல்லூரி மண்டபத்து மேடை, நாடகம் மயான காண்டம், அரிச்சந்திரன் சுடலை காக்கிற கதை. "அண்ணை, ஆர் ஆரெண்டு சொல்லுங்கோ, மலரில போடவேணும். இடப்பக்கம் ஏதோ துணி சரிஞ்சு கிடக்கு, அதை வெட்டிவிடுறன்" என்று கீழே எழுதியிருந்தார்.

அரிச்சந்திரன் இப்போது ரொறன்ரோவில். லோகிதாசனாகச் செத்துக் கிடந்தவன் மெல்பேணில் பேரப்பிள்ளை கண்டுவிட்டான். அரிச்சந்திரனை விலைக்கு வாங்கும் வீரவாகுவாக நடித்தவன் போய்ச் சேர்ந்து பத்து வருடம். சந்திரமதியைத்தான் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சேலைக்குள் நான் நின்றிருக்க வேண்டியது.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நல்ல குரல். நானே சொல்வது அழகில்லை, ஆனால் அப்போது எல்லோரும் சொன்னார்கள். சங்கீத வாத்தியார் என்னைப் பிடித்துச் சந்திரமதியாக்கினார். இரண்டு மாதம் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒத்திகை. விழாவுக்கு மூன்று கிழமை இருக்கையில், பாம்பு கடித்த மகனை மடியில் போட்டுப் புலம்பும் இடம். 'மகனே' என்று மேல் ஸ்தாயிக்கு ஏறினேன். பாதி வழியில் குரல் இரண்டாய்ப் பிளந்தது. ஒரு பாதி மேலே நின்றது, மற்றப் பாதி சேவல் கொக்கரித்த மாதிரிக் கீழே விழுந்தது. மடியில் பிணமாய்க் கிடந்தவனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பிச் சிரித்தான்.

சேர் சிரிக்கவில்லை. ஆர்மோனியத்தின் துருத்தியை மெதுவாக மூடினார். "தம்பி, உமக்கு மகரக்கட்டு வந்திட்டுது. குரலை வருத்தாதையும். நீர் திரையைப் பாரும்" என்றார்.

மகரக்கட்டு என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். பெடியன்களுக்குக் குரல் உடையும் பருவம். எனக்கு நோய்ப் பெயர் மாதிரி இருந்தது. அழுதேன் என்று எழுத இந்த வயதில் வெட்கமில்லை. சேர் என்னைத் தேற்றுவதற்காக, ஒத்திகை முடிந்ததும் மண்டபப் படியில் இருத்தி, நாடகக் கொம்பனிக் கதைகள் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னது அரைவாசி. மீதியைப் பிறகு லண்டனுக்கு வந்தபின், வேலை முடிந்த இரவுகளில், நானாகத் தேடி வாசித்தேன்.

சங்கரதாஸ் சுவாமிகளில்தான் அவர் தொடங்குவார். 1867இல் பிறந்தவர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி என்று நம் ஊர் மேடைகளில் விடிய விடியப் பாடியவை எல்லாம் அவர் வழி வந்தவை. தமிழ்நாட்டுக் கொம்பனிகள் கடல் தாண்டி வந்து கொட்டகை போட்டன. அதைப் பார்த்து நம்மவர்கள் பிடித்துக்கொண்டார்கள். சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு சபை நடத்தினார். அதில் சேர்ந்தவர்கள்தான் ரி.கே.எஸ். சகோதரர்கள். ரி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பிள்ளைக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதைச் சண்முகம் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பாட்டும் வசனமும் ஊற்றாய்க் கொட்டியவருக்குக் கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. 1922இல் புதுச்சேரியில் இறந்தார். இந்த இடத்துக்கு வந்தால் சேர் மேலே கதைக்க மாட்டார்.

கொம்பனியில் பெடியன்களின் வாழ்வு குரலில்தான் தொங்கியது. ராஜா வேடமான ராஜபார்ட் என்றாலும், பெண் வேடமான ஸ்திரீபார்ட் என்றாலும் பாட்டு வேண்டும். மகரக்கட்டு வந்தால் அரியணை போகும். புதுக்கோட்டைச் சின்னப்பாவுக்கு அதுதான் நடந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கொம்பனியில் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தவர், குரல் உடைந்ததும் வெளியே வந்தார். சும்மா இருக்கவில்லை. சிலம்பம் பழகினார், பாரம் தூக்கினார், சங்கீதத்தை அடியிலிருந்து படித்தார். பிறகு 1940இல் உத்தமபுத்திரன் படத்தில் இரட்டை வேடம் போட்டவர் அந்த பி.யு. சின்னப்பாதான். "பாரும், குரல் போனவன் ரெண்டு ஆளாய்த் திரும்பி வந்தான்" என்பார் சேர். எனக்கு அது ஆறுதலாக இல்லை. சிலம்பம் பழக எங்கள் வீட்டில் விடமாட்டார்கள்.

சேருக்கு மிகப் பிடித்தது கிட்டப்பா கதை. அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார், அடுத்த வீட்டுச் சங்கதி மாதிரி. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசை வரை போன குரல். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், சின்ன வயதில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய பெண். இருவரையும் ஒரு மேடையில் சேர்த்தது இலங்கைதான், 1920களின் நடுவில். 'அந்தப் பெண்ணோடு பாடினால் நீர் எடுபட மாட்டீர்' என்று கிட்டப்பாவைப் பயமுறுத்தினார்களாம். பாடினார்கள். 1927இல் திருமணம். அவர் ஏற்கெனவே மணமானவர் என்பதையும் சேர் மறைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெடியனுக்குச் சொல்லக் கூடாதது எதையும் அவர் தள்ளி வைத்ததில்லை.

1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார். வயது 27. அதற்கு இரண்டு வருடம் முன்னரே தமிழ்ப் படம் பேசத் தொடங்கிவிட்டது, ஆனாலும் அவர் ஒரு படத்திலும் நடிக்கவில்லை. இசைத்தட்டில் குரல் மட்டும் இருக்கிறது. அதைக் கேட்கும்போது என்னால் ஒரு முகத்தைக் கற்பனை செய்ய முடிவதில்லை. தொண்டை மட்டும்தான் தெரிகிறது.

சுந்தராம்பாளுக்கு அப்போது 25. வெள்ளைச் சேலை உடுத்தார், நகையைக் கழற்றினார், இனி எந்த ஆணோடும் சோடியாய் நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அத்தோடு அவர் மேடைக் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1935இல் படத்தில் நந்தனாராக வந்தார். ஆண் வேடம்! சோடி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் வேறு எந்த நடிகருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. சபதத்தையும் விடாமல், பாட்டையும் விடாமல், நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை கண்டுபிடித்த கெட்டிக்காரி அவர் என்பது என் எண்ணம். பக்தி என்று மட்டும் சொல்லி அவரைச் சின்னதாக்கிவிடுகிறோம். 1951இல் சென்னை சட்ட மேலவையில் உறுப்பினராகவும் இருந்தார், சினிமாவிலிருந்து சட்டமன்றப் படி ஏறிய முதல் ஆள்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த ரி.கே. சண்முகம், வளர்ந்த ஆண்பிள்ளை, மேடையில் ஔவைக் கிழவியாகக் கூன் போட்டு நடந்து 'ஔவை சண்முகம்' என்றே பெயர் வாங்கினார். 1953இல் படம் எடுத்தபோது ஔவையார் யார் என்றால், ஆணாக நடித்த சுந்தராம்பாள். சேர் இதைச் சொல்லிவிட்டு என் முதுகில் தட்டினார். "ஆம்பிளை பொம்பிளை எல்லாம் வெளியில. திரைக்கு அங்கால அது இல்லை." சந்திரமதியை இழந்த எனக்கு அது உறைத்தது.

எம்.கே. தியாகராஜ பாகவதர் கதையை நான் சுருக்கிவிடுகிறேன், எல்லோருக்கும் தெரிந்தது. 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய ஹரிதாஸ் படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. படம் வந்த வருடம் முடியுமுன்னே கொலை வழக்கில் அவரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் உள்ளே போனார்கள். 1947இல் விடுதலையாகி வந்தார்கள். ஒரே வழக்கு, ஒரே சிறை. கலைவாணர் வெளியே வந்து மறுபடியும் சிரிக்க வைத்தார். பாகவதர் பாடினார், ஆனால் சனம் முன்போல வரவில்லை. குரல் அப்படியேதான் இருந்தது. கேட்கிற காது மாறிவிட்டது. மகரக்கட்டு பாடுகிறவனுக்கு மட்டும் வருவதில்லைப்போலும்.

இனி எங்கள் ஆள். நாடகத்துக்கு இரண்டு கிழமைக்கு முன், கோயில் திருவிழா ஒன்றில் நடிகமணி வி.வி. வைரமுத்து அவர்களின் மயான காண்டம். "போய்ப் பார்த்திட்டு வாரும். எப்ப திரை விழுகுதெண்டு கவனியும்" என்று சேர் சொல்லிவிட்டார். காங்கேசன்துறைக்காரர், 1924இல் பிறந்தவர். வசந்த கான சபா அவருடையது. அரிச்சந்திரனாக மட்டும் மூவாயிரம் மேடைக்கு மேல் ஏறினார் என்பார்கள். பார்க்கப் போனவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டு முழுக்கப் பாடம். அடுத்தது என்ன என்று தெரிந்தே விழித்திருந்தார்கள்.

நடுச்சாமம் தாண்டி மயானக் காட்சி. தோளில் கம்பளி, கையில் கோல். பிணத்துக்குக் கால்பணமும் முழத்துண்டும் கொடு என்று கேட்கிறார். எதிரே நிற்பவள் தன் மனைவி என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கெல்லாம் தெரியும். பக்கத்தில் ஒரு ஆச்சி "உன்ர பெண்சாதியடா, பாரடா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நான் அவர் பாட்டை எதிர்பார்த்திருந்தேன், ஏறுகிற குரலை. அந்தக் கேட்கிற இடத்தில் அவர் ஏறவில்லை. கணக்கப்பிள்ளை கடன் கேட்கிற மாதிரி, ஈரமில்லாமல் கேட்டார். காசில்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறார். அந்தத் தாலி கட்டியவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற தாலி. சொல்லி வாய் மூடவில்லை, ஆர்மோனியம் நின்றது. ஒரு மூச்சு நேரம் அவர் அசையவில்லை, கோல் மட்டும் கொஞ்சம் சரிந்தது. பிறகுதான் பாட்டு வந்தது. வந்தபோது ஆச்சி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். திரை எப்போது விழுந்தது என்று நான் கவனிக்கவேயில்லை.

இப்படிப்பட்டவர்களை 'கூத்தாடி' என்று சொல்லிய வாய்களையும் எனக்குத் தெரியும். கொழும்பிலும் சென்னையிலும் படித்தவர்கள் சபா வைத்து நடித்தால் கலை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபாவில் வக்கீல்மார் வேடம் கட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் நம் கலையரசு சொர்ணலிங்கமும் சுபோத விலாச சபாவைக் கட்டினார். அது நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு ஆடுகிறவனுக்கு மட்டும் அந்தச் சொல்லை வைத்திருந்தார்கள். விடிய விடிய அழுதுவிட்டு, விடிந்ததும் அதைச் சொல்லுவார்கள். வைரமுத்து அவர்கள் 1989 யூலையில் காலமானார். நான் அப்போது இங்கே வந்து சில வருடங்கள். ஊர்க் கடிதம் ஒன்றில் கடைசி இரண்டு வரியாகத்தான் அந்தச் செய்தி வந்தது.

எங்கள் விழாவுக்கு வருகிறேன். திரைக்கயிறு இடப்பக்கம். ஓராளால் இழுக்க முடியாத பாரம். மற்ற முனையில் மணல் சாக்குக் கட்டியிருந்தோம். என் வேலை ஒன்றே ஒன்று: அரிச்சந்திரன் வாளை ஓங்கி, சிவபெருமான் தோன்றி, வாழ்த்திப் பாடி முடிந்ததும் கயிற்றை விடுவது. எனக்குப் பதில் சந்திரமதியானவன் எட்டாம் வகுப்பு, குரல் இன்னும் உடையாதவன். நன்றாகத்தான் பாடினான். மனசில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். மேடையோரத் தட்டி மறைவில் நின்று நானும் வாயசைத்துக்கொண்டிருந்தேன். மகனே என்று அவன் ஏறினான். என் குரல் பிளந்த அதே படிக்கு வந்தான். விழப்போகிறான் என்று நினைத்து நான் இரண்டு கையாலும் காதைப் பொத்தினேன்.

கயிறு போய்விட்டது.

மணல் சாக்கு மேலே பறந்தது, திரை ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. பாய்ந்து பிடித்தேன். அரிச்சந்திரன் இன்னும் வாளைத் தொடக்கூட இல்லை. கழுத்தில் துணிப் பாம்போடு சிவபெருமான் எனக்குப் பக்கத்தில் வாய் பிளந்து நின்றார். நாடகம் முடிந்துவிட்டது என்று நினைத்து முன்வரிசைப் பெரியவர்கள் கைதட்டினார்கள். சந்திரமதி மட்டும் நிறுத்தவில்லை. பாதித் திரைக்குக் கீழே அந்த 'மகனே' உடையாமல் மேலே போய் நின்றது. கைதட்டு தானாக அடங்கியது. மண்டபப் படப்பிடிப்பாளர் அந்த நேரத்தில்தான் அமத்தியிருக்கிறார்.

சேர் என்னை ஏசவில்லை. "விட்டது பிழை. பிடிச்சது சரி" என்றார், அவ்வளவுதான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சரிந்த துணியின் ஓரத்தில், கயிற்றைச் சுற்றி நாலு விரல் தெரிகிறது. செயலாளருக்குப் பதில் எழுதினேன்: "தம்பி, இடப்பக்கத்தை வெட்டாதையும். அப்பிடியே போடும்."