46-ஆம் எண் பல்

கோவில்பட்டியில் எங்களுக்கு ஒரு பல் டாக்டர் இருந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போன அதே டாக்டர்தான், எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும். வாயைத் திறந்தால் போதும், "இது நான் அடைச்சது, இது முளைக்கும்போதே கோணல்" என்று சொல்லிக்கொண்டே பார்ப்பார். எவ்வளவு என்று முன்கூட்டிக் கேட்டதே இல்லை. கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு மீதியை அடுத்த வாரம் கொடுத்ததும் உண்டு. கணவருக்கு வேலை மாறி ஜூன் மாதம் பல்லாவரத்துக்கு வந்தபோது கேஸ் இணைப்பு, பையனுக்குப் பள்ளிச் சேர்க்கை, ரேஷன் கார்டில் முகவரி மாற்றம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். பல் டாக்டர் என்று எழுதத் தோன்றவில்லை.

வந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வலி தொடங்கியது. முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மட்டும் சுரீர் என்றது. பிறகு சூடான காபி பட்டால் விண்விண் என்று நெடுநேரம் தெறித்தது. பகலில் பொறுத்துக்கொள்ளலாம், படுத்தால்தான் உயிர் போகும். கிராம்புத் தைலம் தடவினேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடிந்தது.

எங்கள் தெருவைச் சுற்றியே நான்கைந்து பல் கிளினிக்குகள். ஒன்றின் வாசலில் 'பரிசோதனை இலவசம்' என்று போர்டு இருந்தது. உள்ளே போனதும் வாய் முழுக்க ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள், அதற்கு 500 ரூபாய். டாக்டர் பேசியது இரண்டு நிமிடம். அதன் பிறகு வரவேற்பில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினார். 46, 36, 37, 26 என்று நான்கு எண்கள். ஒவ்வொன்றுக்கும் ரூட் கனால், அதாவது பல்லின் நரம்பை எடுத்துவிட்டு வேர்க்குழாயை நிரப்புவது, 4,500. அதன் மேல் மாட்டுகிற கேப் 6,000. மொத்தம் 42,000. அன்றைக்கே பாதி கட்டினால் பத்து சதவீதம் குறைப்பார்களாம். வீட்டு அட்வான்ஸும் பள்ளிக் கட்டணமும் போக எங்களிடம் மிச்சம் இருந்தது அதில் கால்வாசி கூட இல்லை. மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த டாக்டர் சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன், பல் விஷயத்தில் இரண்டு டாக்டர்களுக்கு இரண்டு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் வலியில் துடிக்கிறவளிடம் இன்றைக்கே முடிவு சொல் என்பது சரியில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாடிப்படியில் வீட்டுக்கார அம்மா பார்த்தார். "ஏம்மா, கன்னம் உப்பினாப்ல இருக்கே?" விஷயத்தைச் சொன்னேன். "நாற்பத்திரெண்டாயிரமா! காலைல ட்ரெய்னைப் பிடிச்சு கோட்டை ஸ்டேஷன்ல இறங்கு. எதிர்த்தாப்லதான் பல் ஆஸ்பத்திரி. நான் போட்டிருக்கிற பல்செட்டே அங்க கட்டினதுதான்" என்றார்.

அவர் சொன்னது தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. சென்னைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஜி.எச். தெரியும், பல்லுக்கென்று தனியாக ஓர் அரசு மருத்துவமனை இருப்பது தெரிவதில்லை. எனக்கும் தெரியாது. தெரிந்த பிறகும் ஒரு பயம்: மாணவர்கள்தானே பார்ப்பார்கள், என் பல்லில் பழகுவார்களோ?

கீழ்வீட்டுப் பெண் வேறொரு வழி சொன்னார். அவருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் என்கிற ஏற்றுமதி வளாகத்தில் வேலை, சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறவர்களுக்கு அந்தத் திட்டம். அவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. என் கணவரின் சம்பளம் அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டதால் எங்களுக்கு உதவவில்லை. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று ஒரு வரி இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். ஊர் மாறினால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தையும் புது முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மறுநாள் பையனைப் பள்ளியில் விடும் பொறுப்பைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஏழு மணிக்கெல்லாம் ரயில் ஏறினேன். பார்க் ஸ்டேஷனில் பாதிக் கூட்டம் இறங்கியது. அடுத்தது கோட்டை. ஓ.பி. சீட்டுக்கு வரிசை நீளம்தான். பல்லில் துணியை அழுத்திக்கொண்டு நிற்கிற குழந்தைகள், திண்டிவனத்திலிருந்து விடிகாலை பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உண்டா, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வலிக்கிற பல்லுக்கு மட்டும் சின்னதாக ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள்.

என்னைப் பார்த்தது முதுநிலை படிக்கும் ஒரு டாக்டர். தங்கை வயதுதான் இருக்கும். பையிலிருந்த அந்தத் தாளையும் பெரிய எக்ஸ்ரேவையும் தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. "இந்த எண் எல்லாம் என்னன்னு தெரியுமா அக்கா?" என்று கேட்டுவிட்டு ஒரு காகிதத்தில் கூட்டல் குறி போட்டார்.

அதை அப்படியே எழுதுகிறேன், எல்லோருக்கும் பயன்படும். வாயை நான்காகப் பிரிக்கிறார்கள். மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. வலது இடது என்பது நம்முடைய வலது இடது. அடுத்த எண், முன்பல்லின் நடுவிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போவது. 46 என்றால் கீழ் வலப்பக்கம் ஆறாவது பல். 48 என்றால் அதே பக்கத்து ஞானப்பல். இது தெரிந்ததும் அந்தத் தாள் வேறு மாதிரி தெரிந்தது. எந்தப் பல்லுக்கு என்ன, ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்க முடிந்தது.

எக்ஸ்ரேயில் 46-ல் சொத்தை நரம்பு வரை இறங்கிவிட்டது, அதற்கு ரூட் கனால் கட்டாயம். 36-ல் சொத்தை நரம்பைத் தொடவில்லை, அடைத்தால் போதும். 26-ல் கோவில்பட்டி டாக்டர் என்றோ அடைத்ததன் ஓரம் தேய்ந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைக்கலாம். 37-ல் பள்ளத்தில் கறை மட்டும்தான், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். நான்கு ரூட் கனால் ஒன்றாகிவிட்டது. அங்கேயே கண்ணில் நீர் வந்துவிட்டது.

மாணவர்கள் பற்றிய பயமும் அன்றோடு போனது. பி.டி.எஸ். என்கிற பல் டாக்டர் பட்டம் நான்கு வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும். முதுநிலை படிக்கிறவர் அதையெல்லாம் முடித்த டாக்டர், அதற்கு மேல் மூன்று வருடம் இந்த ஒரு துறையைப் படிக்கிறார். ஒவ்வொரு கட்டத்திலும் பேராசிரியர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த கட்டம். அதனால்தான் நேரம் ஆகிறது. எனக்கு மூன்று தடவை போக வேண்டியிருந்தது, ஒவ்வொரு தடவையும் அரை நாள். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டி, வேர்க்குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடினார். கீழ்க் கடைவாய்ப்பல்லில் மூன்று குழாய்தான் பெரும்பாலும் இருக்குமாம், எனக்கு நான்கு இருந்தது. அந்த நான்காவதைக் கண்டுபிடிக்கவே நெடுநேரம் குனிந்தபடி இருந்தார். அது விட்டுப்போனால் வலி திரும்ப வரும் என்றார். ஒரு நாளுக்குப் பத்துப் பேரைப் பார்த்தாக வேண்டிய கிளினிக்கில் இவ்வளவு பொறுமை கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நடுவில் ஒரு தவறு செய்யப் பார்த்தேன். முதல் நாள் சிகிச்சையிலேயே வலி நின்றுவிட்டது. பையனுக்குத் தேர்வு, அடுத்த தடவை போகாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். வீட்டுக்கார அம்மா விடவில்லை. தற்காலிக அடைப்பு நாள்பட நின்றால் தேய்ந்து கசியும், உள்ளே மறுபடியும் கிருமி போகும், செய்த வேலை எல்லாம் வீண் என்று டாக்டரும் பிறகு சொன்னார். மாத்திரையில் வலி அடங்கினாலும் இதே கதைதான், உள்ளே சீழ் இருக்கிற பல் தானாக ஆறாது. முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ மலிவு பார்த்து நாள் கடத்தாமல் அன்றைக்கே ஓட வேண்டும்.

கேப் மட்டும் வீட்டுப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். அதற்காக எக்ஸ்ரேயும் சீட்டும் கையில் எடுத்துக்கொண்டு மூன்று கிளினிக் ஏறி இறங்கினேன். "46-ல் ரூட் கனால் முடிந்துவிட்டது, கேப் மட்டும் வேண்டும், எந்தப் பொருளில் எவ்வளவு?" என்று ஒரே கேள்வி. ஒரு இடத்தில் ரூட் கனாலையே மறுபடி செய்ய வேண்டும் என்றார்கள், எக்ஸ்ரேயைக்கூட வாங்கிப் பார்க்காமல். மூன்றாவது இடத்தில் டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாலு கெனாலும் நல்லா நிரப்பியிருக்காங்க" என்றார். பல் நிறத்தில் வேண்டுமானால் 4,000, முழு உலோகம் என்றால் 2,000, பின்பல் வெளியே தெரியாது, உறுதிக்கு உலோகமே போதும் என்று அவரே சொன்னார். உலோகமே போட்டுக்கொண்டேன். கோட்டைக்குப் போன நாட்களில் செலவானதில் பெரும்பகுதி ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும்தான்.

அந்த மூன்றாவது கிளினிக் டாக்டரின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் எழுதிவிட்டேன். பக்கத்திலேயே 46, 36, 26, 37 என்று நான்கு வரி, எதற்கு என்ன, எந்தத் தேதி என்று. 46-க்கு நேரே டிக் போட்டாயிற்று. புதன்கிழமை 36. வீட்டுக்கார அம்மாவும் என்னோடு கோட்டைக்கு வருகிறார், பல்செட் கொஞ்ச நாளாக ஈறில் உரசுகிறதாம்.