வாட்ஸ்அப்பில் வேலை கேட்ட ஸ்டிரைக்கர்

2016 மே 30, வெம்ப்லி மைதானம். இங்கிலாந்துக் கால்பந்தின் நான்காவது அடுக்கான லீக் டூவின் பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். ஏஎஃப்சி விம்பிள்டன் 2-0 என்று பிளிமத் ஆர்கைலை ஜெயித்து ஒரு படி மேலே ஏறிவிட்டது. கடைசி நிமிடங்களில் கிடைத்த பெனால்டியை அடித்து இரண்டாவது கோலைப் போட்டவர் விம்பிள்டனின் ஸ்டிரைக்கர், அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரர், அடெபாயோ அகின்ஃபென்வா. ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டினால், எனக்கு இப்போது வேலை இல்லை, மேனேஜர் யாராவது இருந்தால் வாட்ஸ்அப்பில் வாருங்கள் என்கிறார் மனிதர். நேரலையில். அந்தக் காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பல வருடம் ஒப்பந்த வேலையில் ஓட்டியவன் என்பதால் கூடவே வயிற்றில் ஏதோ பிசைந்தது. நான் இருந்த ஒரு இடத்தில் புராஜெக்ட் முடிந்த அன்று கேக் வெட்டினார்கள், என்னையும் மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். யார் மேலும் கோபமில்லை, ஒப்பந்தத்தில் தேதி போட்டிருந்தது, அவ்வளவுதான். அகின்ஃபென்வாவுக்கும் அதேதான் நடந்தது, என்ன, அவருடைய கேக்கை வெம்ப்லியில் வெட்டினார்கள்.

அவர் லண்டனில் 1982-இல் பிறந்தவர். முதல் வேலை கிடைத்த இடம் லிதுவேனியா, அட்லான்டாஸ் என்கிற கிளப். பதினெட்டு பத்தொன்பது வயசுப் பையன், பால்டிக் கடலோர ஊர், மைதானத்தில் அவருடைய நிறத்தைச் சொல்லியே கூச்சல் போட்ட கூட்டம். அங்கேயே இருந்து கோப்பையும் ஜெயித்தார். அப்புறம் வேல்ஸில் பேரி டவுன், அந்தக் கிளப் பணமில்லாமல் தள்ளாட, அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. 2003-04 சீசனைக் கேளுங்கள்: பாஸ்டன் யுனைடெட், லேட்டன் ஓரியன்ட், ரஷ்டன் அண்ட் டயமண்ட்ஸ், டான்காஸ்டர். ஒரே சீசனில் நான்கு கிளப்! நம் ஊர் ஹெச்ஆர் யாராவது இந்த ரெஸ்யூமைப் பார்த்தால் முதல் பக்கத்திலேயே ஓரமாக வைத்துவிடுவார்கள்.

போன இடத்திலெல்லாம் உடம்புதான் பேச்சு. நூறு கிலோவைத் தொடும் ஆள், கால்பந்து வீரனுக்கு இது சரிப்படாது என்று சொல்லாதவர் இல்லை. பின்னாளில் ஃபிஃபா வீடியோ கேமில் உலகத்திலேயே பலசாலி ஆட்டக்காரர் என்று அவரைப் போட்டார்கள், பையன்களுக்கெல்லாம் அப்படித்தான் அவரைத் தெரியும். ஆனால் அவருடைய நிஜமான தொழில் அந்த விளையாட்டில் தெரியாது. கீழ் லீக்குகளில் மைதானம் சேறாகக் கிடக்கும் ஜனவரி மாதத்தில், பின்னாலிருந்து ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு பந்தை உயரத் தூக்கி அடிப்பான். அதைக் கோலுக்கு முதுகைக் காட்டி நின்று, முதுகில் ஒரு தடுப்பாட்டக்காரன் தொங்கிக்கொண்டிருக்க, நெஞ்சில் வாங்கி, நான்கு நொடி பிடித்து வைத்து, ஓடி வருகிறவன் காலில் தட்டிவிட வேண்டும். அந்த நான்கு நொடியில்தான் மற்ற பத்துப் பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வர முடியும். ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறோம், இன்னும் ஐந்து நிமிடம் என்றால் பந்தை மூலைக்கொடி பக்கம் கொண்டுபோய் உடம்பை வைத்து மறைத்து நிற்பதும் இதே வேலைதான். ஓட்டப் பந்தயத்தில் அவர் யாரையும் ஜெயிக்க மாட்டார். அவரை வேலைக்கு எடுத்தவர்களில் இது புரிந்தவர்கள் பந்தை அவருக்கு வாகாகத் தூக்கிப் போடச் சொன்னார்கள், புரியாதவர்கள் எடையைக் குறைக்கச் சொன்னார்கள்.

பிறகு சேர்ந்த ஸ்வான்சீ கிளப்பில் இருந்தபோது 2007-இல் கால் முறிந்தது. இந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒரு பயமில்லை. வேறொரு கிளப்பில் சேரப்போய் மருத்துவப் பரிசோதனையில் தேறாமல் திரும்பினார். மில்வாலில் கொஞ்ச நாள், ஒரு கோல்கூட இல்லை. 2008-இல் நார்தாம்ப்டன் கைகொடுத்தது. பிறகு ஜில்லிங்ஹாம், திரும்ப நார்தாம்ப்டன், திரும்ப ஜில்லிங்ஹாம். விட்டுப்போன கம்பெனிக்கே மறுபடி போவது எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அதே கேன்டீன், அதே காவலாளி, "மறுபடியும் வந்துட்டியா" என்கிற அதே கேள்வி. ஆனால் கதவைச் சாத்திவிட்டுப் போயிருந்தால் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்துதான் விம்பிள்டன். 2015 ஜனவரியில், பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் மோதும் எஃப்ஏ கோப்பைப் போட்டியில், விம்பிள்டனின் சின்ன மைதானத்துக்கு லிவர்பூல் வந்தது. அகின்ஃபென்வா சின்ன வயசிலிருந்தே லிவர்பூல் ரசிகர். அன்று அவர்களுக்கு எதிராகவே கோல் அடித்தார், லிவர்பூல் கேப்டன் ஜெரார்ட் இரண்டு அடித்து 2-1 என்று லிவர்பூலை ஜெயிக்க வைத்தார். ஆட்டம் முடிந்து ஜெரார்டின் சட்டையையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பதினாறு மாதம் கழித்துத்தான் அந்த வாட்ஸ்அப் பேச்சு.

சில வாரங்களிலேயே வேலை கிடைத்தது. விக்கம் வாண்டரர்ஸ், லீக் டூ, மேனேஜர் கேரத் ஐன்ஸ்வர்த். வயது 34, பெரும்பாலான ஸ்டிரைக்கர்களுக்கு ஓய்வு நெருங்கும் நேரம். அவர் ஆறு சீசன் ஆடினார், வாழ்நாளில் ஒரே இடத்தில் அவர் நிலைத்தது அங்கேதான். 2018-இல் மூன்றாவது அடுக்கான லீக் ஒன்னுக்கு ஏறினார்கள், 2020 ஜூலையில் பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று வீழ்த்தி, கிளப்பின் வரலாற்றிலேயே முதல் தடவையாக இரண்டாவது அடுக்கான சாம்பியன்ஷிப். கொரோனா காலம், வெம்ப்லி காலியாகக் கிடந்தது. மறுபடி மைக், மறுபடி வாட்ஸ்அப்: இந்தத் தடவை லிவர்பூல் மேனேஜர் குளோப் மட்டும்தான் எனக்குச் செய்தி அனுப்பலாம், சேர்ந்து கொண்டாடலாம் என்றார். லிவர்பூல் அப்போதுதான் பிரீமியர் லீக்கை ஜெயித்திருந்தது. யூர்கன் குளோப் உண்மையிலேயே வீடியோ அனுப்பினார்.

சாம்பியன்ஷிப்பில் ஒரே வருடம், திரும்பக் கீழே. 2022 மே மாதம் வெம்ப்லியில் இன்னொரு பிளே-ஆஃப் இறுதி ஆட்டம், சண்டர்லேண்டிடம் 0-2. நாற்பது வயது, பின்பாதியில் மாற்றாளாகத்தான் உள்ளே வந்தார். உயரத் தூக்கி அடித்த பந்துகள் அவர் நெஞ்சைத் தேடித்தான் வந்துகொண்டிருந்தன.