ஷாத்தோ கையார் கல்லச்சு: ஒரு தாளைப் பார்த்த குறிப்புகள்

மார்ச் 3
கல்லில் கிரேயானால் வரைந்து அச்சிட்ட கல்லச்சுத் தாள் (லித்தோகிராஃப்). படத்தில் பிரான்சின் நார்மண்டியில் உள்ள ஷாத்தோ கையார் கோட்டையும் அடிவாரத்துப் பெத்தி அந்தெலி ஊரும். அடி ஓரத்தை யாரோ வெட்டியதில் ஓவியர் பெயரும் அச்சகப் பெயரும் போயின. 10 மடங்கு லென்ஸில் வானம்: வரிசைப் புள்ளிகள் இல்லை, மணல் தூவியது போன்ற பொடிப்புள்ளிகள். கல்லைச் சொரசொரப்பாகத் தேய்த்த பரப்பில் மேடுகளில் மட்டும் கிரேயான் பிடித்த தடம் அது. படத்தைச் சிறு புள்ளிகளாக்கி அச்சிடும் பிற்கால ஹாஃப்டோன் நகலில் புள்ளிகள் அணிவகுத்து நிற்கும். படத்தைச் சுற்றி மெல்லிய விளிம்பு தெரிகிறது; செப்புத்தகட்டு அச்சில் தாளில் அழுந்தும் தகட்டின் தடம் என்று அவசரப்பட வேண்டாம். தடித்த தாளில் ஒட்டிய சீனத்தாள் என்னும் மெல்லிய தாளின் ஓரம்தான்.

மார்ச் 4
பார்வை தென்கிழக்கு மேட்டிலிருந்து. அங்கே நின்றால் சேன் ஆறு இடப்பக்கம் தெரியும், தாளிலும் அப்படியே. கல்லில் வரைந்தது அச்சில் இடவலம் மாறும் என்பதால், களத்தில் எழுதிய படத்தைத் திருப்பித்தான் கல்லில் ஏற்றியிருக்கிறார்கள். ஆறு வலப்பக்கம் வரும் தாளைப் போலி என்று ஒதுக்கிவிடவும் முடியாது. திருப்பாமலே வரைந்தவர்களும் உண்டு.

கோட்டை 1196 முதல் 1198 வரை இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்ட் மன்னர் கட்டியது. 1204இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஃபிலிப் பிடித்தார். 1599இல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி இடிக்க இசைந்தார். 1820இல் டெய்லரும் நொதியேயும் தொடங்கிய, பழைய பிரான்சைக் கல்லச்சுப் படங்களில் காட்டிய பயணத் தொகுதிகளின் காலத்துக்கு, இடிபாடுதான் விருப்பமான பொருள். இந்தத் தாளின் ஓவியரோ கோபுரத்தைவிட ஊரின் கூரைகளைத்தான் கவனமாக வரைந்திருக்கிறார்.

மார்ச் 6
கோபுரத்தின் நிழற்பக்கம் மை அடைத்து, கல்வரிசை தெரியவில்லை. வானத்தின் மென்சாயலோ வெளுத்திருக்கிறது. வெற்றிடத்தில் மை ஒட்டாதிருக்கக் கல்லுக்குப் பூசும் பிசினில் நைட்ரிக் அமிலம் கூடினால் மெல்லிய புள்ளிகள் அழியும்; குறைந்தால் வெற்றிடத்திலும் மை பிடித்து நிழல் அடைக்கும். இரண்டும் ஒரே தாளில் என்றால் கல் தேய்ந்தபின் எடுத்த படி என்றே படுகிறது. வலது மூலையில் ஒரு முட்டை வடிவக் கறை: விரல்! கல்லில் பட்ட விரலின் எண்ணெயும் கிரேயான் போலவே மை வாங்கும்.

மார்ச் 9
தாளில் உள்ள பழுப்புப் புள்ளிகளைப் போக்க நீரில் அமிழ்த்தவே கூடாது. சீனத்தாளும் அடித்தாளும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி, ஒட்டு விட்டுப்போகும். ஓரங்களில் மட்டும் ரப்பர் துகளால் உலர் துடைப்பு. கிரேயான் பகுதியில் மென்தூரிகை போதும்.

சீனத்தாளின் கீழ் இடமூலை அரிசியளவு எழும்பியிருக்கிறது. நீர்த்த கோதுமை ஸ்டார்ச் பசையை ஊசிமுனைத் தூரிகையால் உள்ளே விட்டு, மேலே ஒட்டாத பாலியஸ்டர் துணி, அதன்மேல் மையொற்றுத் தாள், சிறு எடை. ஒற்றுத்தாளை 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பசை வெளியே கசிந்தால் காய்ந்தபின் அங்கே பளபளக்கும்.