மலமாற்றுச் சிகிச்சை: அருவருப்பைத் தாண்டிச் சில தகவல்கள்

ஆன்டிபயாடிக் மருந்துகள் நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் காலங்காலமாகக் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடும்போது, க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி அந்த இடத்தில் பெருகி, நச்சை வெளியிட்டுக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. மருந்தால் அடக்கினாலும் சிலருக்கு அது திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை பெரிதும் கைகொடுக்கிறது.

ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைப் பரிசோதித்து, உப்புநீரில் கரைத்து வடிகட்டி, பெரும்பாலும் கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகப் பெருங்குடலுக்குள் விடும் கேமரா பொருத்திய குழாய்) மூலம் குடலுக்குள் செலுத்துகிறார்கள். தண்டையார்பேட்டையில் இருக்கும் என் பெரியம்மா இதைக் கேட்டதும், "கருமம், கருமம்" என்று காதைப் பொத்திக்கொண்டார். ஆனால் 1958இலேயே அமெரிக்காவின் டென்வரில் பென் ஐஸ்மன் குழுவினர் நான்கு நோயாளிகளுக்கு இதை எனிமாவாகக் கொடுத்துப் பலன் கண்டார்கள். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், முதல் முறையிலேயே 16 பேரில் 13 பேர் குணமடைந்தார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர்கள் 4 பேர்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கும் விபரீதம் மட்டும் வேண்டாம். கொடையாளரின் மலத்தில் இருந்த, மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமியால் ஒருவர் இறந்ததை அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் அறிவித்தது. அதே அமைப்பு 2023இல், கொடையாளர் மலத்திலிருந்து தயாரித்த மாத்திரை ஒன்றுக்கு அனுமதியும் அளித்தது.

நம் வண்ணாரப்பேட்டைப் பக்கமோ, சாதாரணச் சளிக்குக்கூட மருந்துச்சீட்டு இல்லாமல், ஆன்டிபயாடிக் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நான்கு மாத்திரையாகக் கேட்டு வாங்குபவர்களை இன்றும் பார்க்கிறேன்.