16 நாள் நாற்று

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. திருவந்திபுரம் பக்கம் கெடிலக் கரையில் நெல் விளைவித்தவர், இப்போது வலக்கை நடுக்கத்தோடும், நாற்காலியிலிருந்து எழுந்த பின் முதல் அடியை எடுத்து வைக்கக் கால் வராத தவிப்போடும் இருக்கிறார். சென்ற ஆண்டு உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, வெளியூரில் உள்ள ஒரு தனியார் மையத்துக்கு அவரை அழைத்துச் சென்றோம். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைப் பிரித்து, முதுகுத்தண்டில் ஊசியாகச் செலுத்தினால் மூளையில் அழிந்த செல்கள் திரும்ப முளைக்கும் என்றும், அதற்குச் சில லட்சம் ரூபாய் ஆகும் என்றும் அங்கே சொன்னார்கள். திரும்பி வரும் வழியிலேயே அப்பா நிலத்தில் ஒரு பகுதியை விற்பது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். கடலூரில் இருபது ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தும் எனக்கு அவரிடம் அப்போதே சொல்லப் பதில் இல்லை. அதன் பிறகு பல மாதங்கள் படித்ததை, இதே கேள்வியோடு அலையும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அழிகிற செல்கள் எவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நடுமூளையின் அடிப்பக்கத்தில், இருபுறமும், கருநிறமாகத் தெரியும் ஒரு பகுதி உண்டு. லத்தீனில் கரிய பொருள் என்று அர்த்தம் தரும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்பது அதன் பெயர். அங்குள்ள நரம்புச் செல்கள் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதிக்குத் தங்கள் நீண்ட இழைகளின் வழியாக அனுப்புகின்றன. மூளையில் உள்ள பல்லாயிரம் கோடி நரம்புச் செல்களில் இவை சில லட்சம் மட்டுமே. ஆனால் ஒரே செல்லின் இழை கிளைத்துக் கிளைத்து லட்சக்கணக்கான இணைப்புகளைத் தாங்குகிறது.

இந்தச் செல்கள் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்பதில்தான் மஜ்ஜை ஊசி பற்றிய விடை இருக்கிறது.

கருவின் நான்காவது வார இறுதிக்குள், முதுகுப்புறத்துச் செல்தகடு சுருண்டு மூடிக்கொண்டு நரம்புக்குழல் ஆகிறது. அக்குழலின் சுவரில் உள்ள செல்கள் எல்லாம் ஒன்றுபோலவே பெருகிக்கொண்டிருக்கும் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள். எந்த வகை நரம்புச் செல்லாக மாறப்போகிறோம் என்பது அவற்றுக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. தீர்மானிப்பது அவை நிற்கும் இடம். உப்பனாற்றில் பழகிய படகோட்டி ஒருவர், இருட்டிலும் நீரை வாயில் வைத்துப் பார்த்து உப்பின் அளவையும், கழியை ஊன்றிப் பார்த்து அடிச்சேற்றின் தன்மையையும் அறிந்து, முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தக் கரையை ஒட்டி இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார். கருவின் செல்லும் ஏறக்குறைய அப்படித்தான் தன் இருப்பிடத்தை அறிகிறது. குழலுக்கு அடியில் ஓடும் முதுகுநாணும், குழலின் அடித்தளமும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அடியிலிருந்து மேலே போகப் போக அதன் செறிவு குறைகிறது. நடுமூளையும் பின்மூளையும் சந்திக்கும் இடுக்கிலிருந்து எஃப்ஜிஎஃப்8, வின்ட்1 என்ற வேறு இரண்டு புரதங்கள் கசிகின்றன. அவை முன்னும் பின்னுமான தூரத்தைச் சொல்கின்றன. இந்த இரு திசை அளவுகளும் சரியாகக் குறுக்கிடும் சிறிய பகுதியில் நிற்கும் செல்களே டோபமின் நரம்புகளின் தாய்ச் செல்கள் ஆகின்றன. சானிக் ஹெட்ஜ்ஹாக்கும் எஃப்ஜிஎஃப்8-உம் சேர்ந்து இந்த இடத்தைக் குறிக்கின்றன என்பது 1998-இல் எலிக்கருக்களை வைத்துக் காட்டப்பட்டது.

அடித்தளச் செல்கள் சமிக்ஞையை மட்டுமே தருபவை, அவை நரம்புகளை ஈனுவதில்லை என்றுதான் முன்பு கருதப்பட்டது. தண்டுவடத்தைப் பொறுத்தவரை அது சரி. நடுமூளையில் மட்டும் அந்த அடித்தளமே நரம்புகளை ஈனுகிறது என்பது 2007 வாக்கில்தான் தெளிவானது. இந்தத் துறையின் திருப்புமுனையாக நான் கருதுவது இதைத்தான், ஏனெனில் பின்னர் வந்த ஆய்வுக்கூட வெற்றிகள் பலவும் இதிலிருந்தே கிளைத்தன.

இருப்பிடம் தெரிந்ததும் செல்லுக்குள் மரபணுக்கள் வரிசையாக விழிக்கின்றன. ஃபாக்ஸ்ஏ2, எல்எம்எக்ஸ்1ஏ ஆகியவை முதலில். தாய்ச் செல் பிரிந்து, பிறந்த மகள் செல் பெருகுவதை நிறுத்தி வெளிப்புறமாக நகரத் தொடங்கும்போது நர்1. நர்1 இல்லாத எலிகளின் நடுமூளையில் டோபமின் செல்களே உருவாவதில்லை என்று 1997-இல் கண்டார்கள். அடுத்து பிட்எக்ஸ்3, இது பழுதுபட்ட ஒரு வகை எலிக்குக் கண்வில்லை உருவாவதில்லை, கூடவே சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் செல்களும் அழிந்துவிடுகின்றன, பக்கத்திலேயே உள்ள மற்றொரு டோபமின் கூட்டமோ பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. கடைசியில்தான் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எல்-டோபாவாக மாற்றும் நொதி தோன்றுகிறது. எல்-டோபாவிலிருந்து டோபமின் கிடைக்கிறது. அப்பா வேளை தவறாமல் விழுங்கும் மாத்திரையில் இருப்பதும் எல்-டோபாதான். நம் வேலிகளில் படர்ந்து அரிப்பைத் தரும் பூனைக்காலியின் விதையிலிருந்து 1937-இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள் என்பதைப் படித்தபோது, அந்தக் கொடியை அறுத்தெறிந்தே பழகிய எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

ஆய்வுக்கூடத்தில் இதைத் திரும்பச் செய்ய முயன்றவர்கள் தொடக்கத்தில் தடுமாறியது, டோபமினைச் சுரக்கிறதா என்பதை மட்டும் பார்த்து இருப்பிடத்தைக் கவனிக்கத் தவறியதால்தான். டோபமினைச் சுரக்கும் செல்கள் கிடைத்தன. ஆனால் அவை நடுமூளையின் செல்களாக முதிரவில்லை, விலங்குகளின் மூளையில் வைத்தபோது நிலைக்கவுமில்லை. 2011-இல் நியூயார்க்கில் லோரன்ஸ் ஸ்டூடரின் குழு, மனிதக் குருத்தணுக்களை முதலில் அடித்தளச் செல்களாக்கி, பிறகு வின்ட் பாதையைத் தூண்டும் ஒரு மருந்தால் அவற்றுக்கு நடுமூளையின் முகவரியைக் கொடுத்தது. அந்த மருந்தின் அளவு சற்றுக் குறைந்தால் செல்கள் முன்மூளையின் சாயலையும், சற்றுக் கூடினால் பின்மூளையின் சாயலையும் பெறுகின்றன. பின்மூளையில் பிறப்பவை செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள். முன்பு சிகிச்சையாகக் கருவின் நடுமூளைத் திசு பொருத்தப்பட்ட பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு வந்த கட்டுப்படாத அசைவுகளுக்கு, அத்திசுவோடு கலந்துபோன செரட்டோனின் செல்கள் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்று கருதப்படுகிறது.

இந்த வழியில் வளர்த்த செல்கள் இன்று மனிதர்களுக்கு வைக்கப்பட்டுள்ளன. ஜப்பானின் கியோட்டோவில் 2018-இல் தொடங்கிய ஆய்வில் 7 பேருக்கும், அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த மற்றோர் ஆய்வில் 12 பேருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டின் முடிவுகளும் 2025 ஏப்ரலில் வெளிவந்தன. வைத்த செல்களால் கட்டி எதுவும் உருவாகவில்லை, அவை டோபமினைச் சுரப்பது ஸ்கேனில் தெரிந்தது, கியோட்டோவில் மதிப்பிடப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு மருந்தின் வீரியம் தீர்ந்த நேரத்திலும் அசைவு மேம்பட்டிருந்தது. எண்ணிக்கை சிறியது, பாதுகாப்பைச் சோதிக்கவே முதன்மையாக நடந்தவை இவை. ஆனாலும் நான் இதை மனமார நம்புகிறேன்.

மஜ்ஜைச் செல்லுக்கு இந்த வரலாறு எதுவும் இல்லை. அது கருவின் நடு அடுக்கிலிருந்து வந்தது. நரம்புக்குழலில் அது ஒருநாளும் நின்றதில்லை, சானிக் ஹெட்ஜ்ஹாக்கின் அளவை அங்கே உணர்ந்ததில்லை. அதை முதுகுத்தண்டு நீரில் விட்டால் நடுமூளைச் செல்லாக மாறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகளும், இரத்த நோய்கள் போன்றவற்றுக்கான இரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை வழக்கமான மருத்துவமாக ஏற்கவில்லை. அவற்றை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். அத்தகைய ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் கேட்கிறார்கள் என்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

இவற்றை அப்பாவிடம் மாலை நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். மரபணுப் பெயர்களில் அவருக்கு நாட்டமில்லை. செல்களை முழுதாக முதிர விட்டுப் பொருத்துவதில்லை, முதிர்ந்த நரம்பைப் பிடுங்கினால் இழை அறுந்து செத்துவிடும் என்று சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எத்தனை நாள் நாற்று?” என்று கேட்டார்.

நியூயார்க் முறையில் 16 நாள், கியோட்டோவில் ஏறக்குறைய 30 நாள் என்றேன். குறுகிய கால நெல்லுக்கு மூன்று வாரத்தைத் தாண்டினால் நாற்று முற்றிப்போகும், அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது என்று அவர் சொன்னார். பிறகு, அந்தச் செல்களைப் பிறக்கவேண்டிய கரிய பகுதியிலேயே வைக்கிறார்களா என்று கேட்டார். இல்லை, முதிர்ந்த மூளையில் அவ்வளவு தூரம் இழை ஓடிச் சேர்வது கடினம் என்பதால், சேரவேண்டிய ஸ்ட்ரயேட்டத்திலேயே நேராக வைக்கிறார்கள், பலன் தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்றேன். நாற்றங்கால் ஒரு இடம், நடவு வேறு இடம், அதில் தப்பில்லை என்றார்.

நிலத்தை விற்கும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை.